லேப்டாப் திரை துடிக்கிறதா? முதலில் மூடியை அசைத்துப் பாருங்கள்!

தென்காசி பக்கம் இலத்தூரிலிருந்து ஓர் அம்மா குரல் பதிவாகக் கேள்வி அனுப்பியிருந்தார். அவர் பேச்சிலேயே தருகிறேன்: "பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப்பு. இப்ப சின்னவ காலேஜுக்கு வச்சிருக்கா. பத்து நாளா ஸ்கிரீன் மினுக் மினுக்குன்னு துடிக்கு. சில நேரம் கோடு கோடா வருது, படம் கலைஞ்சு போவுது. கடையில காட்டுனோம். டிஸ்பிளே போயிட்டு, மாத்தணும், ஆறாயிரம் ஆவும்னு சொல்லுதாங்க. நான் பீடி சுத்துதேன். மாத்தலாமா, இல்ல புதுசே வாங்கிரணுமா? அவ ப்ராஜெக்ட் குடுக்க இன்னும் மூணு வாரந்தான் இருக்கு."

இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்தும் வருகிறது. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கியது. அந்த ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்த மெஷின்கள் இன்னமும் பல வீடுகளில் ஓடுகின்றன. அக்கா படித்துவிட்டுத் தம்பிக்கு, தம்பி படித்துவிட்டுச் சித்தப்பா மகளுக்கு என்று கைமாறி வருகின்றன. மூடியில் அரசு முத்திரை தேய்ந்திருக்கும், ஒரு கீ போயிருக்கும், ஆனால் ஓடும். வயசானால் மனிதனுக்கு மூட்டு முதலில் தேய்வதுபோல, லேப்டாப்புக்கும் மூட்டுதான் முதலில் தேயும். நான் உருவகமாகச் சொல்லவில்லை. மூடியையும் உடம்பையும் இணைக்கிற கீல் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு நான் சொன்ன முதல் பதில்: ஆறாயிரம் கொடுக்க வேண்டாம், இப்போதைக்கு. முதலில் காசு செலவில்லாத நான்கு சோதனைகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் ஒரு வேலை. திரை தெரிகிற நேரம் பார்த்து ப்ராஜெக்ட் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் போட்டுவிடச் சொல்லுங்கள், மகளின் இமெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். திரை போனால் வேறு திரை வாங்கலாம். மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு டப்பாவுக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

இனி, படம் எப்படித் திரைக்கு வருகிறது என்று தெரிந்தால் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும். குளத்துப் பாசனம் பார்த்தவர்களுக்குச் சுலபம். குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், மடை திறக்க வேண்டும், வாய்க்கால் உடையாமல் இருக்க வேண்டும், வயல் சரியாக இருக்க வேண்டும். லேப்டாப்பில் மதர்போர்டில் உள்ள கிராஃபிக்ஸ் சிப்தான் குளம். அதைத் திறந்து மூடுகிற மடை விண்டோஸும் அதன் டிரைவர் என்ற சாஃப்ட்வேரும். வாய்க்கால், கீல் வழியாக மூடிக்குள் ஏறிப் போகிற மெல்லிய கேபிள். வயல் என்பது பேனல், அதாவது நாம் கண்ணால் பார்க்கிற கண்ணாடித் திரை. வயலில் பயிர் வாடினால் உடனே மண்ணை மாற்றச் சொல்வோமா? வாய்க்காலைத்தானே முதலில் போய்ப் பார்ப்போம்!

முதல் சோதனை, மூடி. லேப்டாப்பை மேசைமேல் வைத்து, ஆன் செய்து, மூடியை மிக மெதுவாகப் பாதி மூடுங்கள், பிறகு மெதுவாகப் பின்னால் சாயுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் துடிப்பு நிற்கிறதா? இன்னொரு கோணத்தில் கோடுகள் அதிகமாகின்றனவா? அப்படியானால் நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள்தான். தினமும் பத்துத் தடவை திறந்து மூடினால், வருஷத்துக்கு 3650 முறை அந்த மெல்லிய கேபிள் வளைந்து நிமிர்கிறது. உள்ளே இருப்பவை முடியைப் போன்ற கம்பிகள். ஒன்று விட்டுப்போனால் நிறம் மாறும், இன்னொன்று விட்டுப்போனால் படம் சிதறும், பின்வெளிச்சத்துக்குப் போகும் கம்பி விட்டு விட்டுத் தொட்டால் திரை மினுக்கும். சில சமயம் கம்பி அறுந்திருக்காது, கேபிளின் நுனி சாக்கெட்டிலிருந்து சற்றே நழுவியிருக்கும். பேனலை மாற்றும்போது கேபிளைக் கழற்றி மாட்டியாக வேண்டும். அந்தக் கழற்றி மாட்டலிலேயே பழைய பேனலும் சரியாகியிருக்கக்கூடும். கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் நிற்கிற கடையில் நேரம் எடுத்துப் பிரித்துப் பார்ப்பதைவிட மொத்தமாக மாற்றுவது வேகமான வேலை. அந்த வேகத்துக்குக் காசு கொடுப்பது நாம்.

கேபிள் பிரச்னை பழைய, மலிவான மெஷின்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் 2016-ல் வெளியிட்ட மேக்புக் ப்ரோவிலேயே இது நடந்தது. மூடியைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் திரையின் அடிப்பகுதியில் நாடக மேடை விளக்குபோல் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழும். பிறகு ஒருநாள் வெளிச்சமே நின்றுபோகும். லேப்டாப்களைப் பிரித்து ஆராய்கிற ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2019 ஜனவரியில் காரணத்தைச் சொன்னது: கீலைச் சுற்றிப் போகும் மெல்லிய கேபிள் நீளம் போதாமல் ஒவ்வொரு முறையும் இழுபட்டுத் தேய்கிறது. அடுத்து வந்த 2018 மாடலில் கேபிளை 2 மில்லிமீட்டர் நீளமாக்கியிருந்ததையும் அவர்களே அளந்து காட்டினார்கள். 2019 மே மாதம் 13 அங்குல மாடலுக்கு ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. இரண்டே மில்லிமீட்டர்! லட்சத்தைத் தொடும் மெஷினுக்கே அந்தக் கதி என்றால், பள்ளியில் கொடுத்த லேப்டாப் இத்தனை வருஷம் தாங்கியதற்கு மாலையே போடலாம்.

இரண்டாவது சோதனை, டி.வி. வீட்டு டி.வி.யின் பின்னால் எச்டிஎம்ஐ என்று ஒரு துளை இருக்கும், லேப்டாப்பிலும் அதே துளை இருக்கும். செட்டாப் பாக்ஸிலிருந்து டி.வி.க்குப் போகிற ஒயரையே கழற்றி லேப்டாப்பில் செருகலாம். விண்டோஸ் கீயையும் 'பி' கீயையும் சேர்த்து அழுத்தினால் 'டூப்ளிகேட்' என்று வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். டி.வி.யில் படம் பாறைபோல் அசையாமல் நிற்கிறது, லேப்டாப் திரை மட்டும் துடிக்கிறது என்றால் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, நிம்மதி. கோளாறு பெரும்பாலும் வாய்க்காலில் அல்லது வயலில். மாறாக டி.வி.யிலும் அதே கோடு, அதே கலைசல் என்றால் கிராஃபிக்ஸ் சிப் அல்லது சாஃப்ட்வேர் பக்கம் பார்க்க வேண்டும். அப்போது பேனலை மாற்றினால் ஆறாயிரம் போனதுதான் மிச்சம்.

இந்தச் சோதனையில் இன்னொரு லாபமும் உண்டு. டி.வி.யில் படம் வருகிறது என்றால் மகள் அதையே திரையாக வைத்து மூன்று வாரமும் வேலை செய்யலாம். சாயங்காலம் சீரியல் பார்ப்பவர்களோடு ஒரு உடன்படிக்கை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், அதை என்னால் தீர்த்துவைக்க முடியாது.

மூன்றாவது, விண்டோஸ் வருவதற்கு முன்னால் பார்ப்பது. ஸ்விட்ச் ஆன் செய்தவுடன் ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற நீலமோ கறுப்போ ஆன திரை வரும். ஏசர், டெல், ஆசுஸ் போன்றவற்றில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10. அங்கே எதையும் மாற்ற வேண்டாம். ஐந்து நிமிஷம் சும்மா விட்டுப் பாருங்கள். அந்தத் திரையில் விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் துடித்தால் விண்டோஸ்மேல் பழி போட முடியாது. அரசு லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உங்கள் மெஷினில் அது இன்னும் இருந்தால் அதைத் திறந்தும் பார்க்கலாம். அதில் சுத்தமாக இருந்து விண்டோஸில் மட்டும் துடித்தால், வேலை சாஃப்ட்வேரில்தான். பாஸ் லினக்ஸை யாரும் தொட்டதே இல்லை என்று குறைபட்டுக்கொள்வார்கள். இதற்காவது உதவட்டுமே.

நான்காவது சோதனை விண்டோஸுக்குள். திரை துடித்துக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். மற்றதெல்லாம் துடிக்க, அது மட்டும் நிதானமாக நின்றால் ஏதோ ஒரு ஆப்தான் காரணம். அதுவும் சேர்ந்து துடித்தால் டிஸ்பிளே டிரைவர். இது மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழி. ஒரு காலத்தில் நார்ட்டன் ஆன்டிவைரஸ், ஐகிளவுட் போன்றவற்றின் பழைய பதிப்புகளால்கூடத் திரை துடித்ததாக அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆப் என்றால் அதைப் புதுப்பியுங்கள், இல்லையேல் நீக்குங்கள். டிரைவர் என்றால், 'டிவைஸ் மேனேஜர்' போய் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதற்குள் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பும். அப்டேட் ஆன மறுநாள் தொடங்கிய துடிப்பு என்றால் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். நடுவில் திரை உறைந்துபோனால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாகத் தட்டுங்கள். ஒரு 'பீப்' சத்தம், ஒரு கண்சிமிட்டல், கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

இலத்தூர் அம்மாவின் மகள் நான்கையும் செய்துவிட்டு மறுநாளே பதில் அனுப்பினாள். டி.வி.யில் சுத்தம். பயாஸில் துடிப்பு. மூடியை முக்கால்வாசி திறந்தால் கோடு, பாதி திறந்தால் நல்ல பிள்ளை. கேபிள்தான். மாடல் எண்ணைச் சொல்லித் தென்காசியில் விசாரித்திருக்கிறார்கள். கேபிளின் விலை நூறுகளில், பேனலைப்போல் ஆயிரங்களில் இல்லை. வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை டி.வி.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. திரையில் தெரிவதை வைத்தே ஓரளவு ஜாதகம் கணிக்கலாம். மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு, மூடியை எப்படி அசைத்தாலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது என்றால் பேனலின் விளிம்பில் உள்ள ஒட்டு விட்டுவிட்டது. அது பேனல்தான், மாற்றத்தான் வேண்டும். திரை கறுப்பாகிவிட்டது, ஆனால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறது என்றால் படம் வருகிறது, பின்வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. கட்டம் கட்டமாக, பல நிறப் புள்ளிகளாக, டி.வி.யிலும் சேர்ந்து கலைந்தால் கிராஃபிக்ஸ் சிப் அல்லது ராம். ராம் அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லிப் பாருங்கள், சில சமயம் அதிர்ஷ்டம் அடிக்கும். சிப்பையே சூடுகாட்டிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அது பெரும்பாலும் சில வாரத்துக்கான வைத்தியம், திரும்ப வரும். மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் ப்ரோ 4 திரை நடுங்கியபோது சிலர் அதை ஃப்ரீஸருக்குள் வைத்து எடுத்துக் கொஞ்ச நேரம் வேலை பார்த்தார்களாம்! கடைசியில் 2018 மே மாதம் அந்த நிறுவனம் பழுதானவற்றை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் மாவுச்சட்டி பக்கத்தில் லேப்டாப்பை வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும்.

நீர் என்றதும் குற்றாலச் சாரல் நினைவுக்கு வருகிறது. ஜூன் தொடங்கிவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு இறங்கும். தென்காசி, செங்கோட்டை, இலத்தூர் எங்கும் துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும். லேப்டாப்பும் அதே காற்றில்தான் இருக்கிறது. மத்தளம்பாறையில் ஸோஹோ வந்த பிறகு தோளில் லேப்டாப் பையோடு பைக்கில் போகிற பிள்ளைகளை அந்தச் சாலையில் நிறையப் பார்க்கலாம். ஏசி அறையிலிருந்து சில்லென்ற மெஷினை ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடிமேல் ஆவி படிவதுபோல உள்ளேயும் படியும். காலையில் துடிப்பு, ஒரு மணி நேரம் ஓடிச் சூடானபின் சரி என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். சாரலில் நனைந்த பையைத் திறந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்து, மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்து ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். தண்ணீர் நன்றாகவே உள்ளே போயிருந்தால் காய்ந்தால் போதாது, பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை, தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் பாலித்தீன் உறைக்குள் கட்டி வைப்பவர்களும் உண்டு. ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்ததுபோல்தான். புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் பைக்குள் போடுங்கள், அது போதும்.

சார்ஜர் செருகினால் மட்டும் துடிக்கிறது என்று எழுதுபவர்களும் நிறைய. வோல்டேஜ் ஏறி இறங்குவதால் என்று நினைக்கிறார்கள். சார்ஜரின் முதுகைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று இருக்கும். அதனால் சாதாரண ஏற்ற இறக்கத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை எர்த் இல்லாத இரண்டு துளை அடாப்டரில் செருகுவதுதான் பல வீடுகளில் பிரச்னை. லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும், டச்பேடு தாறுமாறாக ஓடும், திரையும் சில சமயம் நடுங்கும். எர்த் உள்ள வேறு ப்ளக் பாயின்ட்டில், முடிந்தால் வேறு நல்ல சார்ஜரில் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதா என்பதையும் கவனியுங்கள், சில மலிவான இன்வெர்ட்டர்களின் மின்சாரம் மட்டமாக இருக்கும். சார்ஜரைச் செருகும் அந்த நொடியில் ஒரே ஒரு கண்சிமிட்டல் வந்தால் பயப்பட வேண்டாம். புது மெஷின்களில் திரையின் வேகமும் வெளிச்சமும் மாறும்போது அப்படி வரும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். லேப்டாப் மேசையில் ஆடுகிறது, டச்பேடு மேலே தூக்கியிருக்கிறது, மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த அழுத்தத்தாலும் உடம்பு வளைந்து திரை துடிக்கலாம். அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பதும், குத்திப் பார்ப்பதும் தீயில் முடியும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, வாசகர்கள் எனக்கு அனுப்பும் வீடியோக்களைப் பற்றி. திரைமேல் கறுப்புப் பட்டைகள் ஓடுவதாகப் போனில் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். நேரில் கண்ணுக்குத் தெரியாமல் போன் கேமராவில் மட்டும் தெரிகிற பட்டை பழுது அல்ல. திரையின் வெளிச்சம் வேகமாக அணைந்து எரிவதும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது. கண்ணை நம்புங்கள்.

கடைக்குப் போவது என்று முடிவாகிவிட்டால், நான்கு சோதனைகளின் முடிவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "டி.வி.யில் நல்லா வருது, பயாஸ்ல துடிக்குது, மூடியை ஆட்டினா மாறுது, முதல்ல கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்க அண்ணே" என்று சொல்கிறவரிடம் யாரும் நேராகப் பேனல் விலை பேச மாட்டார்கள். பேனல்தான் மாற்ற வேண்டும் என்றால், பழைய பேனலின் முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. 30 பின், 40 பின் என்று கனெக்டரே வேறுபடும், ரெசல்யூஷனும் ஒத்துப்போக வேண்டும். மாற்றிய பிறகு பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பே போய், செலவு மெஷின் மதிப்பைத் தாண்டினால் அங்கே நிறுத்திவிடுவதுதான் நல்லது. திரை மட்டும் போய், மாற்றக் காசில்லை என்றால், பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி இணைத்து மேசைக் கம்ப்யூட்டராகவே ஓட்டலாம். மடியில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு: திரையைச் சரிசெய்ய உங்கள் பாஸ்வேர்ட் கடைக்காரருக்குத் தேவையில்லை. திரை ஓடுகிறதா என்று பயாஸிலும் லாகின் பக்கத்திலும் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்டாயம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால், நீங்களே நேரில் நின்று திறந்து காட்டுங்கள், பார்த்ததும் லாக் செய்துவிடுங்கள். படங்கள், வாட்ஸ்ஆப் திறந்தபடியே இருக்கும் பிரவுசர், வங்கி விவரங்கள் எல்லாம் உள்ளே இருக்கும் மெஷினை இரண்டு நாள் கடையில் விட்டு வருவதென்றால், போகும் முன்னால் பிரவுசரில் எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டுப் போங்கள்.